திங்கட்கிழமை எடுத்த தண்ணீர்

ஐந்து வரை எண்ணத் தெரிந்தவர்கள் என்று நம்பித்தான் பல்கலைக்கழகம் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. என்னையும் அப்படி நம்பித்தான் எடுத்தார்கள். சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் தண்ணீர் ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு. ஓய்வு பெற்று மாசாய் ஊரில் வீட்டோடு இருக்கிறவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையில் கேட்டார்கள். நான் சாதித்ததைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அதையெல்லாம் பிரிவுபசார விருந்திலேயே பேசி முடித்தாகிவிட்டது, கொஞ்சம் கூட்டியும் சொல்லியாகிவிட்டது.

கருவிகளை எப்படிக் கையாள்வது என்பதற்குக் கையேடு இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு காலைப் பொழுதைப் பற்றி. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தப் பருவத்திலேயே பட்டம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது நான் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புவோம். அதில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளந்துகொண்டு, இருபது டிகிரி இருட்டுப் பெட்டியில் ஐந்து நாள் வைப்போம். தண்ணீரில் அழுக்கு அதிகம் இருந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் அதிகமாகத் தீர்த்துவிடும். ஐந்தாம் நாள் மறுபடி அளந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்போம். இதுதான் பி.ஓ.டி. சோதனை. ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். சில மணி நேரம் முன்னே பின்னே போகலாம், ஒரு முழு நாள் போகக் கூடாது. தண்ணீர் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுவதெல்லாம் அந்த ஐந்தை வைத்துத்தான்.

ஒரு காலத்தில் எங்களுக்குத் துறை வேன் புதன்கிழமை கிடைக்கும். புதன் எடுத்த தண்ணீருக்குத் திங்கள் ஐந்தாம் நாள். ஒரு வம்பும் இல்லை. பிறகு நம் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறி, ஞாயிறு வேலை நாளானது. வகுப்பு அட்டவணை மாறியது, அதோடு வேன் அட்டவணையும் மாறி எங்கள் மாணவர்களுக்குத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை எடுத்தால் ஐந்தாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை ஆய்வகம் பூட்டியிருக்கும். மூன்றாம் தசமம் வரை கணக்குப் போட வேண்டும் என்று மாணவர்களை விரட்டிய எங்களில் ஒருவருக்கும் விரலை விட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் எண்ணிப் பார்த்தது ஒரு மாணவன். பெயர்கூட மறந்துவிட்டது. நான் வாகன நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே ஓடி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தால் போதுமா என்று கேட்டான். "ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அவன் ஞாயிற்றுக்கிழமை அளந்தான். பதிவுப் புத்தகத்தில் 'ஐந்தாம் நாள் அளவு' என்று கட்டம் அச்சடித்திருந்தது. அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதினான். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அவன் சொல்லிக் கொடுத்தான், அவர்கள் அதற்கடுத்த ஆண்டுக்காரர்களுக்குச் சொன்னார்கள். இப்படியே அது எங்கள் ஆய்வகத்தின் வழக்கமாகிவிட்டது. திங்கள் எடு, ஞாயிறு அள, ஐந்து என்று எழுது. இது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரிந்திருந்தது, பிறகு மறந்துவிட்டது, மறந்தது வசதியாகவும் இருந்தது.

இப்போது ஷாமினியிடம் வருகிறேன். சிம்பாங் ரெங்கத்துப் பெண். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை. வகுப்பில் முதலிலும் வரமாட்டாள், கடைசியிலும் வரமாட்டாள். கேள்வி கேட்பதில் மட்டும் யாரும் அவளை மிஞ்ச முடியாது. "இன்னொன்னு டாக்டர்" என்று ஆரம்பித்தால் அது நான்காவது கேள்வியாக இருக்கும். (முனைவர் பட்டம் வாங்கியவரை நம் பல்கலைக்கழகங்களில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மாமியார் இதை நம்பிப் பல வருடம் என்னிடம் முட்டி வலிக்கு மருந்து கேட்டார்.) காஹாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓர் ஓடைதான் அவளுடைய ஆய்வு. அந்த ஆண்டு ஏழு பேர் ஒரே வேனில் போய், ஒரே ஓடையின் வெவ்வேறு இடங்களில் தண்ணீர் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. ஷாமினிக்கு நான்தான் வழிகாட்டி.

பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் துறைக் கூட்டத்துக்கு அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

"டாக்டர், திங்கக்கிழம தண்ணி எடுத்தா அஞ்சாவது நாளு சனிக்கிழமதானே வருது?"

"ம்."

"சனிக்கிழம லேப்பு பூட்டியிருக்குமே. ஞாயித்துக்கிழமதான் பார்க்க முடியும். அப்ப நான் என்னன்னு எழுதறது?"

"எப்ப பார்த்தீங்களோ அதையே எழுதுங்க."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளை அனுப்பிவைக்கச் சொன்ன பதில் அது. அவளோ அதை என் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். அச்சடித்த கட்டத்தில் 'ஐந்தாம்' என்பதை அடித்துவிட்டு 'ஆறாம்' என்று பேனாவால் எழுதி, நாளும் நேரமும் குறித்து, ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தாள். ஆய்வேட்டின் வரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மேற்கோள் குறிகளையும் பக்க எண்களையும் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் அத்தியாயத்தில் ஒன்பது அட்டவணைகள். ஒன்பதிலும் 'ஆறாம் நாள்' என்று இருந்தது. ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

வைவா அன்று அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், எங்கள் துறையைச் சேர்ந்த இன்னொரு விரிவுரையாளர், அப்புறம் வெளியிலிருந்து அழைத்த தேர்வாளர். அந்தத் தேர்வாளர் கழிவுநீர் நிலையங்களை நடத்தியே தலை நரைத்த சீனப் பெண்மணி. வழிகாட்டியான எனக்கு மதிப்பெண் போடும் உரிமை கிடையாது, உட்கார்ந்திருக்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம். காலையிலேயே அந்த ஓடைக் குழுவில் நான்கு பேர் தேறிப் போயிருந்தார்கள். ஐந்தாவதாக ஷாமினி வந்தாள். அவளுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை உறுதியாகியிருந்தது. மாசாயில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. படிப்பு முடிந்ததற்கான கடிதத்தை அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். முந்தின வாரம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

"அட்டவணையில ஆறாம் நாள்னு போட்டிருக்கே. எழுத்துப் பிழையா?" என்று கேட்டார் தேர்வாளர்.

"இல்ல மேடம். ஆறாம் நாள்தான்."

"ஏன்?"

"திங்கக்கிழம எடுத்த தண்ணி மேடம். சனிக்கிழம லேப் பூட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமதான் அளக்க முடிஞ்சது."

தேர்வாளர் பக்கங்களைத் திருப்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்படின்னா இது எதுவும் ஐந்து நாள் அளவு இல்ல. நாலாம் அத்தியாயம் முழுக்க இந்த எண்களைத் தரநிலையோட ஒப்பிட்டு எழுதியிருக்கீங்க. ஒப்பிடவே முடியாதே" என்றார். பிறகு என் சக விரிவுரையாளரைப் பார்த்து, "இந்த அத்தியாயத்தை நான் ஏத்துக்க முடியாது. அடுத்த பருவத்துல திரும்பச் செய்யட்டும்" என்றார்.

ஷாமினி கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள். தேர்வாளருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். காலையில் பார்த்த நான்கு ஆய்வேடுகளில் ஒன்றை இழுத்துத் திறந்தார். "இவங்களும் அதே வேன்தானே? இவங்க மட்டும் எப்படி ஐந்தாம் நாள் அளந்தாங்க?"

கேள்வி ஷாமினியிடம் போனது. அவளுக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேரும் ஒரே மேசையில் நின்றுதான் அளந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தேர்வாளரைப் பார்த்து, "எனக்குத் தெரியல மேடம்" என்றாள்.

நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அதைச் சொல்லும் வேலை அவளுக்கு வந்திருக்கவே கூடாது. அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மாணவி, இன்னொருத்தி ஆய்வகப் பொறுப்பாளர்.

அந்த நேரத்தில் நான் மாணவர்களைப் பற்றி நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால் மற்ற ஆறு பேரும் மாட்டிக்கொள்வார்களே, நான் சொல்லிக் கொடுத்த வழக்கத்துக்கு அவர்கள் தண்டனை அனுபவிப்பதா என்று யோசித்ததாகப் பிறகு வீட்டில் சொல்லிக்கொண்டேன். அதுவும் மனதில் ஓடியது, ஆனால் இரண்டாவதாகத்தான். முதலில் நினைவுக்கு வந்தது அதே ஆய்வகத்தின் எண்களை வைத்து நான் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள். ஒருத்தி ஒரு பருவம் கூடுதலாகப் படித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று என் புத்தி வெகு வேகமாகக் கணக்குப் போட்டது. அழுத்தம் வரும்போது புத்தி நின்றுபோகும் என்பார்கள். எனக்கு நிற்கவில்லை, எனக்குச் சாதகமாக நன்றாகவே ஓடியது.

சக விரிவுரையாளர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "இருபது நிமிஷம் இடைவேளை விடலாம், தேத்தண்ணி வந்திருக்கு" என்றார். ஷாமினியை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தட்டில் கறிபாப் பலகாரம் இருந்தது. நான் எடுக்காமல் கீழே ஆய்வகத்துக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று போகும்போது தெரியவில்லை. அந்த அறையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வக உதவியாளர் என்சிக் ரொஸ்லி (என்சிக் என்றால் மலாயில் ஐயா மாதிரி) புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். சாவிப் புத்தகத்தைக் கேட்டேன். ஆய்வகச் சாவியை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கையெழுத்து வாங்கும் புத்தகம் அது.

"எந்த வருஷத்துது டாக்டர்?"

"இந்த வருஷம். சனிக்கிழமையில யாராவது சாவி எடுத்திருக்காங்களான்னு பார்க்கணும்."

"பார்க்க வேண்டாம் டாக்டர். ஒருத்தரும் எடுத்ததில்ல." கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். புத்தகத்தை எடுத்தவர் அதன் அடியிலிருந்து ஒரு தாளையும் எடுத்து மேலே வைத்தார். "இதையும் பாருங்க."

அவர் எழுதிய விண்ணப்பம் அது. மூன்று ஆண்டுக்கு முந்தையது. தண்ணீர்ச் சோதனை நடக்கும் வாரங்களில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஆய்வகத்தைத் திறக்க அனுமதி வேண்டும், தானே முறை வைத்து வரத் தயார் என்று மலாயில் எழுதியிருந்தார். கீழே பச்சை மையில் 'தேவையில்லை' என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் என் கையெழுத்து. எழுதியது எனக்கு நினைவே இல்லை. பச்சை மை பேனா மட்டும் நினைவிருந்தது.

"அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே என்சிக்."

"அலமாக், டாக்டர். எழுதிக் கொடுத்தேனே" என்றார், நாம் அடடா என்பது போல. குரலில் குத்தல் எதுவும் இல்லை. திரும்பிப் போய் மிச்சப் புட்டிகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். சாவிப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். தாளை இழுப்பறையில் பழையபடி வைத்து மூடினேன். மேலே போகும்போது, சொல்லப் போகிறோம் என்று தைரியமாக இருந்தது, ஆனால் பாதியைத்தான் சொல்லப் போகிறோம் என்பதும் தெரிந்திருந்தது.

ஷாமினி நடைபாதையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கடந்து உள்ளே போனேன். சாவிப் புத்தகத்தைத் தேர்வாளர் முன் விரித்து வைத்து, இந்த ஆண்டு எந்தச் சனிக்கிழமையும் ஆய்வகம் திறக்கப்படவில்லை, ஏழு பேருமே ஞாயிற்றுக்கிழமைதான் அளந்தார்கள், ஆறு பேர் ஐந்து என்று எழுதினார்கள், இவள் ஆறு என்று எழுதினாள் என்று சொன்னேன். சக விரிவுரையாளர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தேர்வாளர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது இந்த வருஷம் மட்டுமா?"

"இல்ல. விடுமுறை நாள் மாறினதிலிருந்து."

"யாருமே கவனிக்கலையா? சனிக்கிழமை திறக்கணும்னு ஒருத்தரும் கேட்கலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தத் தாள் இழுப்பறையில் இருப்பது ரொஸ்லிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், ரொஸ்லி வாய் திறக்கிறவரும் அல்ல. அவர் புட்டி கழுவப் போன அந்த நடைதான் கண் முன்னால் வந்தது.

"கேட்டாங்க," என்றேன். "வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது நான்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாராட்டவில்லை, திட்டவுமில்லை. நிலையங்களில் குழாய் வெடித்த நேரத்தில் எப்படிப் பேசிப் பழகினாரோ அப்படித்தான் பேசினார். "மதிப்பெண் கொடுக்க இன்னும் எத்தனை வாரம் இருக்கு?" என்று கேட்டார். ஐந்து வாரம் இருந்தது. அப்படியானால் ஏழு பேரும் மூன்று முறை மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும், சரியான ஐந்தாம் நாளில் அளக்க வேண்டும், பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் முடிவு என்றார். காலையில் தேறிய நான்கு பேரின் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஷாமினியும் மறுபடி செய்ய வேண்டும். நேர்மையாக எழுதினாள் என்பதற்காக அவளுடைய ஆறு நாள் அளவு ஐந்து நாள் அளவாகிவிடாது. அது சரியான தீர்ப்புதான். அடுத்த பருவம் என்பது ஐந்து வாரமாகச் சுருங்கியது, ஆனால் மாதக் கடைசியில் கொடுக்க வேண்டிய கடிதம் அவளுக்குக் கிடைக்காது என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அடுத்த திங்கட்கிழமை வேனில் தெரிந்தது. ஏழு பேரில் ஷாமினி பக்கத்து இருக்கை மட்டும் காலி. அவள்தான் போட்டுக்கொடுத்தாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். காஹாங்கில் வேன் நின்றதும், ஓடைக் கரைக்கு இறங்கும் முன்னால் எல்லாரையும் நிறுத்தி, சொன்னது நான், அவள் தெரியாது என்றுதான் சொன்னாள் என்றேன். ஹக்கீம் என்ற மாணவன் காலணியால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "நாங்க சீனியர் சொன்னதைத்தான் செஞ்சோம் டாக்டர்" என்றான். "சீனியருக்குச் சொன்னது நான்தான்" என்றேன். எல்லாரும் புட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்கள். திரும்பி வரும்போது யாரோ ஒருத்தர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். நான் முன் இருக்கையில் தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை.

மூன்று சனிக்கிழமைகள் ரொஸ்லியும் நானும் ஆய்வகத்தைத் திறந்தோம். அவர் விண்ணப்பத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான்தான் மூன்றாவது வாரம் மன்னிப்புக் கேட்டேன். "சரி டாக்டர்" என்றார். புதிய எண்கள் வந்தன. பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் சின்னதுதான். இரண்டு இடங்களில் மட்டும், ஆறு நாள் கணக்கில் தரத்தில் ஒரு படி கீழே போயிருந்த தண்ணீர், ஐந்து நாள் கணக்கில் மேல் தரத்தில் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த ஓடை இருந்ததைவிட அழுக்கானது என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதற்கு அளவு இதுதான். கட்டுரைகளை வெளியிட்ட இரண்டு இதழ்களுக்கும் திருத்தம் அனுப்பினேன். ஒன்று வெளியிட்டது, மற்றது இன்று வரை பதில் போடவில்லை. அடுத்த ஆண்டு ஆய்வகப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, முறையீடு இல்லை.

ஏழு பேரும் தேறினார்கள். ஷாமினிக்குப் பிறகு குளுவாங் பக்கம் ஒரு கழிவுநீர் நிலையத்தில் வேலை கிடைத்து, இன்றும் அங்கேதான் இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். இப்போது ஜொகூரில் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. திங்கள் எடுத்தால் ஐந்தாம் நாள் சனிதான், செவ்வாய் எடுத்தால் ஞாயிறு. உங்கள் வேன் எந்தக் கிழமை என்று போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் விழுந்தால் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள், முடியாவிட்டால் வேன் நாளை மாற்றுங்கள். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

கடைசிச் சனிக்கிழமை மற்றவர்கள் அளந்து முடித்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். ஷாமினி கடைசிப் புட்டியோடு நின்றாள். ரொஸ்லி வெளியே குப்பை கொட்டப் போயிருந்தார். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போயிடுச்சு டாக்டர். வேற ஆளு எடுத்துட்டாங்க."

நான் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதித் தருகிறேன், நடந்ததையெல்லாம் விளக்கமாக எழுதுகிறேன், தப்பு என்னுடையது என்றே எழுதுகிறேன் என்றேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். குறைந்தது 'பரவால்ல டாக்டர்' என்றாவது. நம் பிள்ளைகள் அப்படிச் சொல்லித்தானே பழக்கம். என் மனம் அந்தப் 'பரவால்ல'வுக்குத் தயாராகக் காத்திருந்தது.

அவள் அளந்த எண்ணை எழுதி, நேரத்தையும் எழுதி, பேனாவை மூடினாள்.

"வேல போனது கூட சரி டாக்டர், வேற தேடிக்கலாம். நீங்க சாவிப் புத்தகத்தக் கொண்டாந்து காட்டினீங்களாமே, என்சிக் சொன்னாரு. அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா அந்த இருபது நிமிஷம் நான் வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க என்னைத் தாண்டிப் போனீங்க, ஒன்னும் சொல்லல. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பேசாம நானும் அஞ்சுன்னே எழுதியிருக்கலாம்னு. நாலு வருஷம் படிச்சு அன்னிக்கு நான் கத்துக்கிட்டது அதுதான் டாக்டர்."

பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் புட்டியை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனாள்.